"அது எங்கண்ணே இருக்கு?"

போன வாரம் மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல இறங்கி, ஆட்டோக்காரத் தம்பிகிட்ட, "மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி, தங்கம் தியேட்டர்கிட்ட விட்ருப்பா"ன்னேன். "அது எங்கண்ணே இருக்கு?"ன்னு கேட்டான். மதுரைப் பையன்தான். இப்ப அந்த இடத்துல இருக்கிற ஜவுளிக்கடைப் பேரைச் சொன்னதும், "அதைச் சொல்லுங்கண்ணே"ன்னு வண்டியைக் கிளப்பிட்டான். நெஞ்சுல சுருக்குன்னுச்சுங்க.

அவனைச் சொல்லி என்ன பண்ண? நாமல்ல அவனுக்குச் சொல்லியிருக்கணும்? 1952 தீபாவளிக்கு 'பராசக்தி'யோட திறந்த தியேட்டர் அது. சிவாஜிக்கு முதல் படம். கலைஞர் வசனம். மொத்தம் 2,563 சீட்டு. ஆசியாவிலேயே பெருசுன்னு ஊரே மார்தட்டும். மூணு ஷோவும் நிறைஞ்சா ஒரு நாளைக்கு ஏழாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல! அதனாலதான் தங்கத்துல 100 நாள் ஓடுச்சுன்னா மதுரையில அந்தப் படத்துக்குத் தனி மரியாதை. பராசக்தி ஓடுச்சு.

டிக்கெட் எடுக்கிற வரிசை ஞாபகம் இருக்கா? ஒரு ஆள் மட்டும் நுழையிற கம்பிச்சந்து. முன்னால நிக்கிறவர் முதுகு வேர்வை நம்ம சட்டையில ஒட்டும். கவுன்ட்டர் ஓட்டைக்குள்ள ஒரே நேரத்துல நாலு கை போகும். சில்லறையை இறுக்கிப் பிடிச்ச என் கையைக் கம்பி கீறி, ரத்தம் கசிஞ்சிருக்கு. வெளிய எடுக்கிறப்ப உள்ளங்கையில கசங்கி, நனைஞ்சு, ஒரு துண்டு டிக்கெட். அந்த நிமிஷம் வேற யாரு ராஜா? தரை டிக்கெட்ல மூட்டை தூக்குற அண்ணன், மாடியில வக்கீல். ரெண்டு பேரும் ஒரே வசனத்துக்குக் கைதட்டுவாங்க.

எண்பதுகள்ல வீடியோ டெக் வந்துச்சு. தொண்ணூறுகள்ல கேபிள். முன்னெல்லாம் புதுப்படம்னா ஊருக்கு ஒரு தியேட்டர். பார்க்கணும்னா அங்கதான் போகணும். இப்ப ஒரே நாள்ல எல்லாத் தியேட்டர்லயும் போட்டு, மூணு நாள்ல வசூலை வழிச்சு எடுத்துட்டுப் போயிடுறாங்க. 2,563 சீட்டை எதை வச்சு நிரப்புறது? ஆள் சம்பளம், கரண்ட் பில், வரின்னு செலவு மட்டும் குறையல. ஊர் நடுவுல இருக்கிற மனையோட விலைக்கு முன்னால எந்தப் படத்தோட வசூல் நிக்கும்? வருஷக்கணக்கா தங்கம் பூட்டிக் கிடந்துச்சு, அப்புறம் இடிச்சாங்க. சிந்தாமணி தியேட்டர் கதையும் இதேதான். 1937ல பாகவதர் நடிச்ச 'சிந்தாமணி' சம்பாதிச்ச லாபத்துல எழும்பின கட்டடம். ஒரு படம் தன் பேருலயே ஒரு தியேட்டரைக் கட்டிக்கிட்ட ஊருங்க இது! அதுவும் போச்சு.

சரி, இப்ப போற இடமாவது ஒழுங்கா இருக்கா? போன மாசம் அம்மாவை ஒரு மால் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனேன். ஆன்லைன்ல டிக்கெட் போட்டா அதுக்குத் தனியா ஒரு கட்டணம். வாசல்ல பையைத் தடவி, தண்ணி பாட்டிலைப் பிடுங்கிக்கிட்டாங்க. "மாத்திரை போடணும்ப்பா"ன்னு அம்மா கெஞ்சுறாங்க. "உள்ள விக்கிறாங்கம்மா"ங்கிறான். பாப்கார்ன் டிக்கெட்டை விட விலை ஜாஸ்தி. ஆத்திரம் வருமா வராதா? அந்த மூட்டை தூக்குற அண்ணன் இந்தப் படியை எப்படி மிதிப்பாரு? அவரை வெளிய நிறுத்திட்டு சினிமா யாருக்கு ஓடுது?

ஜவுளிக்கடை முன்னால இறங்கினேன். இங்க ஒரு தியேட்டர் இருந்துச்சுன்னு சொல்ல ஒரு போட்டோ, ஒரு கல்வெட்டு, ஏதாவது கண்ணுல படுதான்னு தேடினேன். படல. இடிக்கிறப்ப, "ஒண்ணாச்சும் வைங்கய்யா"ன்னு நம்மள்ல எத்தனை பேரு போய்க் கேட்டோம்? நான் கேட்கல.

வழியெல்லாம் நான் சொன்னதைக் கேட்டுட்டு வந்த தம்பி, காசை வாங்கிக்கிட்டுக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தான். "இங்கயாண்ணே சினிமா ஓடுச்சு? ரெண்டாயிரம் பேரு உக்காந்தா?"

"ரெண்டாயிரத்து ஐந்நூத்தி அறுபத்தி மூணுப்பா"ன்னேன்.