பெயர் ஒன்று, கிருமி ஒன்றன்று

“சென்ற முறை வயிற்றுப்போக்குக்கு எழுதிக் கொடுத்த மருந்தையே இப்போதும் கொடுக்கலாமா?” பெற்றோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சிலர் கேட்பதற்கு முன்பே, வீட்டில் மீந்திருக்கும் ஆன்டிபயாட்டிக் மருந்தைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு வருகின்றனர். இவ்வழக்கம் கைவிடப்பட வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து. அதற்கான காரணம் கிருமிகளின் மரபணுக்களில் அடங்கியிருக்கிறது.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் தியோடர் எஷெரிக், 1885-இல் குழந்தைகளின் மலத்தில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு விவரித்தார். இன்று ஈ.கோலை என அழைக்கப்படும் அது, நம் அனைவரின் குடலிலும் பெரும்பாலும் தீங்கின்றி வாழ்கிறது. ஆயினும் அதே பெயரைத் தாங்கிய சில வகைகள் நோயை விளைவிக்கின்றன. ஒன்று குடற்சுவரில் ஒட்டிக்கொண்டு அதன் உறிஞ்சும் பரப்பைச் சிதைக்கிறது. மற்றொன்று நச்சைச் சுரந்து, மலத்தை நீராகப் போகச் செய்கிறது. வேறொன்றின் நச்சு சிறுநீரகத்தையே தாக்க வல்லது. சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லாவும் மரபணு நோக்கில் ஈ.கோலையின் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஒரு ஈ.கோலையில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் உள்ளன. எல்லா வகைகளுக்கும் பொதுவானவை அவற்றுள் ஏறத்தாழப் பாதியே. எஞ்சியவை வகைக்கு வகை வேறுபடும். ஆகவே, சென்ற ஆண்டு வந்த வயிற்றுப்போக்கும் இன்று வந்திருப்பதும் ஒரே கிருமியால் வந்தவை என்று கொள்ள இடமில்லை. இளங்குழந்தைகளுக்குப் பல வேளைகளில் அதற்குக் காரணம் வைரஸ். அதன்மீது ஆன்டிபயாட்டிக் செயல்படவே செயல்படாது.

மரபணுக்கள் இடம் மாறவும் செய்கின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானில் சீதபேதி மிகுந்திருந்தது. அங்கு முதலில் பயன்பட்ட சல்ஃபா மருந்துகள் சில ஆண்டுகளில் பலனிழந்தன. அடுத்து ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோராம்ஃபெனிக்கால் ஆகியவை வந்தன. 1950-களின் நடுவில், இந்நான்குக்கும் ஒருங்கே கட்டுப்படாத ஷிகெல்லா தோன்றிவிட்டது. அந்த எதிர்ப்புத்திறன் ஈ.கோலைக்கும் ஷிகெல்லாவுக்கும் இடையே கைமாறுவதை 1959-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். பிளாஸ்மிட் எனும் சிறு டி.என்.ஏ. வளையம் அதைச் சுமந்து செல்கிறது.

இது நம் வீட்டுக்கும் பொருந்தும். தேவையின்றிக் கொடுக்கப்படும் ஆன்டிபயாட்டிக், குடலில் அம்மருந்தைத் தாங்க வல்ல பாக்டீரியாக்களை மட்டும் விட்டுவைக்கிறது. அவை தம் எதிர்ப்புத்திறனைப் பின்னர் நுழையும் நோய்க்கிருமிக்கு வழங்கக்கூடும். குழந்தைக்கு உண்மையாகவே அம்மருந்து தேவைப்படும் நாளில் அது பயனற்றுப் போகலாம். சிறுநீரகத்தைத் தாக்கும் ஈ.கோலை வகையிலோ, சில ஆன்டிபயாட்டிக்குகள் நச்சுச் சுரப்பை மிகுதிப்படுத்தவும் கூடும்.

“வெறும் உப்புச் சர்க்கரைப் பொடியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்களே” என்னும் மனக்குறையை நாங்கள் அறிவோம். வயிற்றுப்போக்கில் குழந்தையின் உயிருக்கு முதல் ஆபத்து நீரிழப்பே. எந்தக் கிருமி வந்திருப்பினும், இழந்த நீரையும் உப்பையும் ஈடு செய்வது ஓ.ஆர்.எஸ். கரைசலே. உறையில் குறித்துள்ள அளவு நீரில் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்த வேண்டாம். துத்தநாக மருந்தை, வயிற்றுப்போக்கு நின்ற பின்னும் மருத்துவர் கூறிய நாள் வரை கொடுங்கள்.

மலத்தில் இரத்தம், குழி விழுந்த கண்கள், சிறுநீர் குறைதல், எதையும் குடிக்க இயலாமை, ஓயாத வாந்தி, துவண்டு கிடத்தல் ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். ஆன்டிபயாட்டிக் தேவைப்படும் குழந்தைகளும் உள்ளனர். அவர்களுக்கு அதைத் தயங்காமல் தருகிறோம். ஏன் தருகிறோம், ஏன் தரவில்லை என்பதை விளக்குவது எங்கள் கடமை. விளக்கத் தவறினால் கேளுங்கள். அலமாரியில் மீந்திருக்கும் மருந்தை மட்டும் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.