பிரிவது முடிவானால், பேசி எழுதிப் பிரியுங்கள்!

'இனி சேர்ந்து வாழ முடியாது' என்று இருவருமே முடிவெடுத்த பிறகும் சிலர் வருடக்கணக்கில் கோர்ட் படியேறுகிறார்கள். காரணம், நகை, சீர்ப் பொருள்கள், ஜீவனாம்சம், குழந்தை யாரிடம் என்ற நான்கு கேள்விகள்தான். இவற்றைப் பேசித் தீர்த்துக்கொண்டால் வழக்குச் செலவும் மனக்கசப்பும் குறையும்.

இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்படி, ஓராண்டு பிரிந்து வாழ்ந்த தம்பதி பரஸ்பர சம்மதத்துடன் விவாகரத்து கேட்கலாம். மனு கொடுத்த பிறகு ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிரிந்திருந்து, எல்லாமே பேசி முடிந்திருந்தால், நீதிமன்றம் அதையும் தளர்த்தலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

பேசியதை வாய்வார்த்தையாக விடாதீர்கள். திருப்பித் தரும் நகைகளின் பட்டியல், தரவேண்டிய தொகை, தேதி, பள்ளிக் கட்டணம் யார் பொறுப்பு, குழந்தை விடுமுறையில் யாரிடம்... எல்லாவற்றையும் எழுதி மனுவோடு சேருங்கள்.

'சீக்கிரம் முடிந்தால் போதும்' என்று உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட வேண்டாம். தீர்ப்புக்கு முன்பு வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்றாலும், இலவச சட்ட உதவி உண்டு. உதவி எண்: 15100.

அடி, மிரட்டல் இருக்கும் வீட்டில் சமரசப் பேச்சு வேண்டாம். முதலில் பாதுகாப்பு, பிறகுதான் மற்றதெல்லாம்.