செத்த பிறகு எத்தனை ஹோம் ரன் அடிச்சார் சாமி?

பேஸ்பால் பதிவான்னு கொட்டாவி விடுறவங்க அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கோங்க மக்களே. மூணு வருஷம் ராப்பகலா உழைச்ச பையனோட அருமை, அவன் ராஜினாமா கடிதம் கொடுத்த அன்னிக்குத்தான் மேனேஜருக்குத் தெரியும். ஆபீஸ்ல பார்த்திருப்பீங்க. அதே கதைதான் இதுவும், இன்னும் கேவலமா.

ரான் சான்ட்டோ. சிகாகோ கப்ஸ் அணியின் தேர்ட் பேஸ்மேன். 1960-லிருந்து 1974 வரை ஆடினார். கடைசி வருஷம் மட்டும் அதே ஊர் ஒயிட் சாக்ஸுக்கு. 342 ஹோம் ரன், 2,254 ஹிட், சராசரி .277. ஃபீல்டிங்குக்கான கோல்ட் க்ளவ் 1964 முதல் 1968 வரை வரிசையா அஞ்சு. ஓய்வு பெற்றப்போ தேர்ட் பேஸ்மேன்களில் இவரைவிட அதிக ஹோம் ரன் அடிச்சவர் எடி மேத்யூஸ் (512) ஒருத்தர்தான்.

ஹால் ஆஃப் ஃபேமுக்குள்ள போக நிருபர்கள் ஓட்டுல 75 சதவீதம் வேணும். 1980-ல் சான்ட்டோவுக்குக் கிடைச்சது 4 சதவீதம்கூட இல்லை! பட்டியல்லேருந்தே தூக்கிட்டாங்க. 1985-ல் திரும்பச் சேர்த்தாங்க. கடைசி வாய்ப்பான 1998-லும் 43-ஐத்தான் தொட்டார்.

ஏன்னு கேட்டா மூணு நொண்டிச் சாக்கு.

ஒண்ணு, சராசரி கம்மியாம். பிட்சர் நாலு பந்தைத் தப்பா போட்டா பேட்ஸ்மேன் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போகலாம், அதுக்குப் பேர் வாக். சராசரிக் கணக்குல இது வரவே வராது. சான்ட்டோ நாலு சீசன்ல நேஷனல் லீகிலேயே அதிக வாக் வாங்கினவர். அதையும் சேர்த்துப் பார்க்கிற ஆன்-பேஸ் சதவீதம் .362. அதுவும் பிட்சர்கள் ராஜ்ஜியம் நடந்த காலத்துல! அவங்க ஆட்டம் தாங்காமத்தான் 1969-ல் பந்து போடுற மேட்டையே 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமா குறைச்சாங்க.

ரெண்டு, ரிக்லி ஃபீல்டுலதான் அதிகம் அடிச்சாராம். வாஸ்தவம், ஒத்துக்கறேன். எர்னி பேங்க்ஸும் பில்லி வில்லியம்ஸும் வேற எங்கே ஆடினாங்க? அவங்களுக்கு மட்டும் கதவு திறந்துச்சே?

மூணு, கப்ஸ் ஒரு தடவைகூட வேர்ல்ட் சீரிஸுக்குப் போகலையாம். ஒன்பது பேர் ஆடுற ஆட்டத்துல ஒருத்தர் தலையில மட்டும் பழியைப் போடுறது என்ன நியாயம்?

இன்னொண்ணு. 18 வயசுலேயே அவருக்குச் சர்க்கரை வியாதி. வீட்டுலயே ரத்தச் சர்க்கரை பார்க்கிற மெஷின் எதுவும் இல்லாத காலம். இன்சுலின் போட்டுக்கிட்டு, 1971 வரை ரசிகர்களுக்குத் தெரியாம மறைச்சே ஆடினார். அதே வியாதி பின்னாடி ரெண்டு காலையும் எடுத்துக்கிச்சு. அனுதாப ஓட்டு கேட்கலீங்க, வெறும் கணக்கே போதும். ஆனா அந்தக் கணக்கை எந்த உடம்பை வெச்சுக்கிட்டு எழுதினார்னு ஒரு நிமிஷம் யோசிங்க.

2010 டிசம்பரில் சான்ட்டோ இறந்துபோனார். 2011 டிசம்பரில் ஒரு கமிட்டி கூடி, 16 பேரில் 15 பேர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தாங்க. 2012-ல் விழா. மேடையேறிப் பேசினது அவரோட மனைவி.

1980-லும் 342 ஹோம் ரன்தான். 2011-லும் 342-தான். நடுவுல என்னய்யா மாறுச்சு, அந்த மனுஷன் இல்லாம போனதைத் தவிர?

டிஸ்கி: உங்க டீம்ல நல்லா வேலை செய்ற யாராச்சும் இருந்தா இன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. காசா பணமா :-)