பத்திரத்தில் ஏறாத உழைப்பு

ஒரு திருமணம் முறியும்போது சொத்து விஷயத்தில் நம் சட்டம் கேட்கும் முதல் கேள்வி, பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான். பெரும்பாலும் அதுவே கடைசிக் கேள்வியும்கூட. அந்த வீட்டுக்கான பணம் எப்படி மிச்சமானது, யார் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டதால் இன்னொருவர் கவலையில்லாமல் வேலைக்குப் போனார், யாருடைய நகை அடகுக்குப் போய் முன்பணமாக மாறியது என்பதெல்லாம் உரிமைக் கணக்கில் எளிதில் ஏறுவதில்லை. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் சொத்துப் பிரிவினைக்கென்று இருப்பது 27-ஆவது பிரிவு. அதுவும் திருமணத்தையொட்டி அன்பளிப்பாக வந்து, இருவருக்கும் பொதுவாகிவிட்ட பொருள்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. இருபது வருடம் தவணை கட்டிய வீட்டைப் பற்றியோ, மனையைப் பற்றியோ, வருங்கால வைப்பு நிதியைப் பற்றியோ அதில் ஒரு சொல் கிடையாது. பெயரில் சொத்தில்லாத மனைவிக்கு மிஞ்சுவது 25-ஆவது பிரிவு தரும் ஜீவனாம்சம்.

ஜீவனாம்சம் தேவையைப் பார்த்துத் தரப்படுவது. பங்கு உழைப்பைப் பார்த்துத் தரப்பட வேண்டியது. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதைக் கொடுத்ததாகச் சொல்ல முடியாது. ஜீவனாம்சம் கேட்டு வருபவர், பிழைக்கப் போதிய வருமானம் தனக்கு இல்லை என்று நீதிமன்றத்தில் காட்ட வேண்டியிருக்கிறது. கிடைத்த பிறகும் அது நிலையானதல்ல. மறுமணம் செய்துகொண்டால் அதை ரத்து செய்யலாம். மனைவி கற்பொழுக்கம் தவறினார் என்று எதிர்த்தரப்பு நிரூபித்தாலும் ரத்து செய்யலாம் என்று அதே 25-ஆவது பிரிவு இன்றும் சொல்கிறது. ஆனால் வீட்டைத் தன் பெயரில் வைத்திருக்கும் கணவரிடம், நீ மறுமணம் செய்துகொண்டால் வீட்டைத் திருப்பிக் கொடு என்று எந்தச் சட்டமும் கேட்பதில்லை. சேர்ந்து தேடியதில் ஒருவருக்கு முழு உரிமை, மற்றவருக்கு நிபந்தனையோடு ஓர் உதவித்தொகை. இதைத்தான் நாம் அநீதி என்கிறோம். சம்பாதிக்கும் பெண்ணும் இதிலிருந்து தப்புவதில்லை. அவருடைய சம்பளம் மளிகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் கரைய, கணவரின் சம்பளம் வீட்டுக் கடனுக்குப் போனால், வருடங்கள் கழித்து ஒருவரிடம் வீடு இருக்கும்; மற்றவரிடம் காட்டுவதற்கு ஒரு ரசீதுகூட இருக்காது.

வீட்டு வேலைக்கு எப்படி விலை போடுவது என்று கேட்பவர்கள் உண்டு. நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாக அதற்கு விலை போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. சாலை விபத்தில் ஓர் இல்லத்தரசி இறந்துபோனால் குடும்பத்துக்கு இழப்பீடு கணக்கிட வேண்டுமே! 1994-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட அட்டவணை, சம்பாதிக்கும் துணையின் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை அவருடைய வருமானமாகக் கொள்ளச் சொன்னது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இல்லத்தரசிகளைப் பிச்சையெடுப்பவர்களோடும் கைதிகளோடும் ஒரே வகையில் சேர்த்ததை 2010-ல் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. 2021-லும் ஒரு விபத்து வழக்கில் இல்லத்தரசியின் உழைப்புக்கு வருமானம் கணித்துத்தான் ஆக வேண்டும் என்று வலியுறுத்தியது. ஆக, மனைவி இறந்தால் அவருடைய உழைப்பின் மதிப்பு இழப்பீடாகக் கணவர் கைக்கு வருகிறது. உயிரோடு பிரிந்து போனால் அதே உழைப்புக்கு மதிப்பே இல்லை. இதை எந்த நியாயத்தைக் கொண்டும் விளக்க முடியாது. மத்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடங்களைச் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடங்கள்.

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அளித்த தீர்ப்பு இந்த இடத்தில் ஒரு கதவைத் திறந்தது. வெளிநாட்டில் வேலை பார்த்த கணவர் பணம் அனுப்பினார், ஊரில் இருந்த மனைவி வீட்டையும் பிள்ளைகளையும் கவனித்தார், சொத்துகள் வாங்கப்பட்டன. எல்லாம் என் பணம் என்றார் கணவர். ஓய்வே இல்லாத மனைவியின் உழைப்பு அந்தச் சம்பாத்தியத்துக்குத் துணைநின்றது, ஆகவே அவருக்கும் சம பங்கு உண்டு என்றது நீதிமன்றம். இப்படிப்பட்ட பங்களிப்பை அங்கீகரிக்கத் தனிச்சட்டம் இல்லை என்பதையும் அந்தத் தீர்ப்பே குறிப்பிட்டது. அது விவாகரத்து வழக்கும் அல்ல. ஒரு நீதிபதியின் பரந்த பார்வை ஒரு குடும்பத்துக்கு உதவியிருக்கிறது. மற்ற குடும்பங்கள் எல்லாம் அப்படி ஒரு நீதிபதி கிடைக்கும்வரை காத்திருக்க முடியாது.

பாதிப் பங்கு என்பது மேல்நாட்டிலிருந்து வந்த நினைப்பு என்று ஒதுக்குவதும் சரியல்ல. கோவாவில் போர்ச்சுக்கீசியர் காலத்து 1867-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின்படி, வேறு ஒப்பந்தம் எழுதாமல் மணந்தவர்களின் சொத்து இருவருக்கும் பொது. பிறப்பிடம் அயல்நாடு என்றாலும், அது இன்றும் இந்திய மண்ணில் நடப்பில் இருக்கும் சட்டம். யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமையோ நமக்கு இன்னும் நெருக்கமானது. 1707-ல் டச்சுக்காரர்கள் எழுத்தில் தொகுத்த அந்த வழக்கம், முன்னோர் வழி வரும் முதுசத்தையும் பெண் கொண்டுவரும் சீதனத்தையும் தனித்தனியாக வைத்தது. மணவாழ்க்கையில் சேர்த்ததைத் தேடியதேட்டம் என்று வேறாக வகுத்தது. யார் பெயரில் இருந்தாலும் தேடியதேட்டத்தில் இருவருக்கும் சம உரிமை என்று 1911-ஆம் ஆண்டுச் சட்டம் எழுதியது. மனைவி தன் நிலத்தை விற்கக் கணவரின் சம்மதம் வேண்டும் என்ற பெருங்குறையும் அதே சட்டத்தில் உண்டு. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை, பின்பற்றவும் வேண்டியதில்லை. அந்த மூன்று பாகுபாடு போதும்.

எதிர்வாதங்களில் பலவற்றுக்கு அந்தப் பாகுபாட்டிலேயே பதில் இருக்கிறது. பணத்துக்காக மணந்து, ஒரே வருடத்தில் பாதியைப் பறித்துக்கொண்டு போவார்களே என்கிறார்கள். திருமணத்துக்குப் பின் தேடியது மட்டுமே பொது என்றால், ஒரு வருட வாழ்க்கையில் பிரிக்க அதிகம் இருக்காது. மாமனார் வீடு, பூர்விக நிலம் எதுவும் அதில் சேராது. பெண்ணின் சீர் நகையும் சேராது. பெண்ணுக்குத்தான் பிறந்த வீட்டில் பங்கு உண்டே என்பது இன்னொரு வாதம். கணவருக்கும் பிறந்த வீட்டில் பங்கு உண்டு. அதைக் காட்டி அவருடைய சம்பாத்தியத்தை யாரும் கழிப்பதில்லையே. தவிர, எத்தனை சகோதரிகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கப்படுகிறது என்பது பதிவு அலுவலகம் பக்கம் போய்வருபவர்களுக்குத் தெரியும். ஆண்களுக்கு இது அநியாயம் என்றால், பங்கு இருபாலருக்கும் பொருந்தட்டும். மனைவி அதிகம் சம்பாதித்துக் கணவர் வீட்டைப் பார்த்துக்கொண்டால் கணவருக்கும் பாதி உண்டு. கடனிலும் பாதி உண்டு. நாம் உண்மையில் அஞ்ச வேண்டியது சொத்தை மறைப்பதைத்தான். சண்டை முற்றும் நேரத்தில் வீடு தம்பி பெயருக்கோ அம்மா பெயருக்கோ செட்டில்மென்ட் ஆகிவிடுகிறது. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. புதிய சட்டம் அதோடு நிற்காமல், பிரிவதற்குச் சற்று முன் நடந்த கைமாற்றங்களையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மத்திய அரசு ஒருமுறை முயன்றது. 2010-ல் கொண்டுவந்த திருமணச் சட்டத் திருத்த மசோதா 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மறு ஆண்டு மக்களவையின் காலம் முடிந்தபோது அதுவும் காலாவதியானது. கணவரின் சொத்திலிருந்து மனைவிக்கு என்று மட்டும் பேசியது அதன் பலவீனம். திருமணமும் விவாகரத்தும் வாரிசுரிமையும் பொதுப்பட்டியலில் இருப்பதால், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலமே திருத்தம் கொண்டுவர முடியும். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989-லேயே செய்தது. நாடு முழுமைக்கும் அது வர 2005 ஆயிற்று. அன்று மகளுக்குச் செய்ததை இன்று மனைவிக்கும் செய்ய நம் சட்டப்பேரவை முன்வர வேண்டும். அதுவரை வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்து வாங்கும் மனையோ வீடோ எதுவானாலும், பத்திரத்தில் இருவர் பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.