ஆரம்ப இருப்பு தவறினால் மழைக்கணக்கும் தவறும்

"ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்." டிவியில் இதைக் கேட்டதும் பெரம்பலூர், அரியலூர் பக்கம் யாராவது ஒருவர் சிரிப்பார். மக்காச்சோளத்தைக் காயப்போட்ட அன்றைக்குத்தான் மழை கொட்டும். பருத்திக்கு உரம் வைத்துவிட்டுக் காத்திருந்தால் ஒரு தூறல்கூட விழாது. "இவ்வளவு பெரிய கம்ப்யூட்டர் இருந்தும் ஏன் இப்படி?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. ஆனால் கம்ப்யூட்டரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

பி.காம் படிப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஆரம்ப இருப்பைத் தப்பாக எழுதிவிட்டால், பிறகு எவ்வளவு கவனமாகக் கூட்டினாலும் இறுதி இருப்பு தப்பாகத்தான் வரும். வானிலைக் கணிப்பும் அப்படியே. இந்த நிமிடம் காற்றும் ஈரமும் வெப்பமும் எப்படி இருக்கின்றன என்பதுதான் அதன் ஆரம்ப இருப்பு. அதை எழுதும் வேலைக்கு "டேட்டா அசிமிலேஷன்" என்று பெயர்.

இதில் இரண்டு ஏடுகள் உண்டு. ஆறு மணி நேரத்துக்கு முன் ஓட்டிய கணிப்பு, "இப்போது இப்படி இருக்கும்" என்று சொன்னது ஒன்று. பலூன், ரேடார், செயற்கைக்கோள், தரை நிலையங்கள் அளந்து சொன்னது இன்னொன்று. ரொக்க ஏடும் பாஸ் புத்தகமும் மாதிரி, இரண்டும் ஒத்துப்போகாது. வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போடுகிறோமே, அதே கதைதான். ஆனால் இங்கே இரண்டு ஏட்டிலுமே பிழை இருக்கும். எந்த ஏட்டை எவ்வளவு நம்பலாம் என்று எடை போட்டு, இரண்டிலிருந்தும் மிகக் குறைவாக விலகும் ஒரு விடையைத் தேட வேண்டும். அந்த விலகலைக் காட்டும் கணக்குக்கு "காஸ்ட் ஃபங்ஷன்" என்றே பெயர்! அதைக் குறைப்பதுதான் "வேரியேஷனல்" முறை. ஒரே நேரத்து அளவீடுகளை வைத்துச் செய்தால் அது 3டி-வார். சில மணி நேரத்து அளவீடுகளை அவற்றின் நேர வரிசையோடு சேர்த்துப் பார்த்தால் 4டி-வார். ஐரோப்பிய மையம் 1997-லேயே 4டி-வார் முறைக்கு வந்துவிட்டது. நொய்டாவில் உள்ள தேசிய நடுத்தரக்கால வானிலை முன்னறிவிப்பு மையமும் அதைப் பயன்படுத்துகிறது.

கம்ப்யூட்டருக்கும் குறைவில்லை. 2024 செப்டம்பரில் புனேக்கு "அர்கா", நொய்டாவுக்கு "அருணிகா" என்று இரண்டு சூப்பர் கம்ப்யூட்டர்கள் வந்தன. 2025 மே மாதம் 6 கி.மீ. கட்டங்களில் கணிக்கும் பாரத் முன்னறிவிப்பு முறை தொடங்கப்பட்டது. நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். பெரம்பலூர், அரியலூர் இரண்டும் சேர்ந்து சுமார் 3,700 சதுர கி.மீ. 6 கி.மீ. கட்டமாகப் பிரித்தால் நூறு கட்டம் வரும். இரண்டு மாவட்டத்திலும் சேர்த்து 10 வட்டாரங்கள். வட்டாரத்துக்கு ஒரு தானியங்கி நிலையம் என்றாலும் பத்துக் கட்டத்துக்குத்தான் தரை அளவீடு. மீதி தொண்ணூறு?

தரையை விட்டு மேலே போனால் இன்னும் மோசம். காரைக்கால் ரேடார் சுமார் 100 கி.மீ. தள்ளி இருக்கிறது. பூமி வளைந்திருப்பதால் அதன் மிகத் தாழ்ந்த கதிரே இந்தப் பக்கம் வரும்போது ஏறத்தாழ ஒரு கி.மீ. உயரத்துக்கு மேலே போய்விடும். இடிமழைக்குத் தீனி போடும் ஈரக்காற்று இருப்பதோ அதற்குக் கீழே. "செயற்கைக்கோள் இருக்கிறதே" என்பார்கள். உண்மைதான், பெரும்பாலான தகவல் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அடர்ந்த மேகத்துக்குக் கீழே நடப்பதைப் பார்ப்பது அதற்கும் கஷ்டம்.

இது வெறும் பயிர்ப் பிரச்சினை அல்ல. பச்சைமலையில் பிறக்கும் மருதையாறு பெரம்பலூர் வழியாக அரியலூருக்கு வருகிறது. மழை ஒரு பக்கம், வெள்ளம் இன்னொரு பக்கம். 1956 நவம்பர் 23 அதிகாலை அந்த ஆற்றின் வெள்ளத்தில் ரயில் பாலம் சேதமாகி, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். மேலே எவ்வளவு மழை என்பது கீழே இருப்பவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

எந்த ஊரில் எத்தனை மணிக்கு இடி இடிக்கும் என்று நாலு நாள் முன்னாடியே சொல்ல எந்த அளவீடு வந்தாலும் முடியாது. ஆனால் சில மணி நேரம் முன்னாடி சொல்ல முடிந்தாலே காயப்போட்ட சோளத்தை அள்ளிவிடலாமே!

அமெரிக்காவின் டபிள்யூ.ஆர்.எஃப்.டி.ஏ மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. லினக்ஸ் கம்ப்யூட்டர் உள்ள ஒரு கல்லூரி அதை ஓட்டிப் பார்க்கலாம். அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. கணிப்பின் பிழை அளவுக்கு அதிலேயே ஒரு பொதுவான கோப்பு தருகிறார்கள். அது பக்கத்துக் கடையின் வாராக்கடன் சதவீதத்தை வைத்து நம் கடைக்கு ஒதுக்கு போடுவது மாதிரி. அந்தந்தப் பகுதிக்கு ஒரு மாதக் கணிப்புகளையாவது சேர்த்து, சொந்தப் பிழைக்கணக்கு எழுதினால்தான் விடை ஒழுங்காக வரும்.

அடுத்த சூப்பர் கம்ப்யூட்டருக்குச் செலவிடும்போது, மழைமானிக்கும் ரேடாருக்கும் பலூனுக்கும், அவற்றைப் பழுதில்லாமல் பார்த்துக்கொள்ளும் ஆட்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். எந்தத் துறை அளந்தாலும் அந்த எண்கள் அடுத்த ஆறு மணிக் கணக்குக்குள் போய்ச் சேர வேண்டும். கல்லூரிகளுக்கும் திறந்துவிட வேண்டும். ஏட்டில் பதிவே இல்லாத கடைக்கு எந்த ஆடிட்டராலும் சரியான கணக்கு எழுத முடியாது.