அவை விருந்தாளிகள் அல்ல!



ஐப்பசி பிறந்துவிட்டால் ஆண்டுதோறும் செய்தித்தாள்களில் ஒரே வகையான தலைப்பைப் பார்க்கிறோம். சில்கா ஏரிக்கு வெளிநாட்டு விருந்தாளிகள் வந்துவிட்டார்களாம்! கீழே ஒரு படம். படத்தில் நாலைந்து வாத்துகள். பங்குனியில் இன்னொரு தலைப்பு. விருந்தாளிகள் விடைபெற்றுக் கொண்டார்களாம்! இரண்டு தலைப்புகளுக்கும் இடையே ஓடிப்போன காலம் ஐந்தாறு மாதம். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆறு மாதம் ஓரிடத்தில் உண்டு, உறங்கி, வாழ்கிறவனை விருந்தாளி என்று எந்த ஊரில் சொல்வார்கள்?

அந்தச் சொல் பொருந்தாது என்பது என் கட்சி. வெறும் சொல்தானே, அதற்கு ஒரு கட்டுரையா என்று சிலர் கேட்கலாம். சொல் எப்படியோ, நடத்தையும் அப்படியே அமைகிறது. விருந்தாளிக்கு நாம் செய்யும் உபசாரம் வேறு. நம்மோடு குடியிருப்பவனுக்கு நாம் பட்டிருக்கும் கடமை வேறு. இந்தப் பறவைகளின் வாழ்வும் சாவும் அந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கின்றன.

கண்ணால் கண்டதிலிருந்தே தொடங்குகிறேன். பெர்காம்பூரிலிருந்து கோபால்பூர் கடற்கரை ஏறத்தாழ 16 கிலோமீட்டர். பேருந்து ஏறினால் சிற்றுண்டி செரிப்பதற்குள் போய்ச் சேரலாம். இரண்டு ஆண்டுகளாக மழைக்காலம் முடியும் தறுவாயில் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் வருகிறேன். காற்று என்றால் அப்படி ஒரு காற்று! குறிப்பேட்டின் தாளைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் எழுத வேண்டும். 2013 அக்டோபர் 12-இல் பைலின் புயல் கரையேறியது இந்தக் கோபால்பூர் அருகேதான். புயல் இல்லாத நாளிலும் மணல் வந்து கன்னத்தில் அறைகிறது. நண்பர்கள் பலர் கால் மணி நேரத்தில் தேநீர்க் கடையைத் தேடிப் போய்விடுவார்கள்.

பறவைகள் போவதில்லை. ஈர மணலில் உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் கூட்டமாக நிற்கும். பள்ளிப் பிள்ளைகள் வழிபாட்டுக்கு நிற்பதுபோல அத்தனையும் ஒரே பக்கம், காற்று வரும் பக்கம், முகம் காட்டி நிற்கும். காற்றுக்கு முதுகு காட்டினால் இறகு மலர்ந்துகொள்ளும். உடம்பின் சூடு போய்விடும். எழுந்து பறக்கும்போதும் காற்றை எதிர்த்தே எழும்புகின்றன. ஆகவே காற்று வரும் பக்கமாகச் சற்றுத் தொலைவில் அசையாமல் உட்கார்ந்துகொண்டால் அவற்றின் முகமும் மார்பும் நன்றாகத் தெரியும். கிழக்குக் கடற்கரை ஆதலால் மாலையில் கடலைப் பார்த்து நின்றால் கதிரவன் நம் முதுகுப் பக்கம் இருப்பான். பறவை பார்ப்பதற்கு இவ்வளவு அறிவு போதும். விலை உயர்ந்த கருவி பிறகு பார்த்துக் கொள்ளலாம்.

இப்படி உட்கார்ந்து தேதி குறித்தபோதுதான் விருந்தாளி என்ற சொல் எனக்கு இடித்தது. சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய உப்புக்கொத்தி ஒன்று உண்டு. அது இமயத்துக்கு அப்பாலுள்ள மேட்டு நிலங்களில் முட்டையிடுவது. ஆகஸ்டு மாதத்திலேயே நம் கடற்கரைகளுக்கு வந்துவிடுகிறது. ஏப்ரல் வரை இங்கே இருக்கிறது. விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஆண்டில் எட்டு மாதத்துக்கு மேல் அது நம் மணலில் வாழ்கிறது. கூடு கட்டிக் குஞ்சு பொரிக்க மட்டும் சில மாதம் மலைக்குப் போகிறது. கரைப்பறவைகள் பலவற்றில் இளங்குஞ்சுகள் முதல் ஆண்டுக் கோடையில் திரும்பிப் போவதே இல்லை; இங்கேயே தங்கிவிடுகின்றன. பழுப்புத் தலைக் கடற்காகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரில் கடல் இருக்கிறது. அது கூடு கட்டுவதோ கடலையே காணாத நடு ஆசியாவின் உயர்ந்த மேட்டுநில ஏரிகளில்! அதற்குக் கடலைக் காட்டுவது நம் நாட்டுக் கரைதான். இவற்றில் எது சொந்த ஊர், எது வந்த ஊர்?

முட்டையிட்ட இடம்தான் சொந்த ஊர் என்று வாதிடுவோர் உண்டு. அப்படியானால் தாய்வீட்டில் பிரசவத்துக்குப் போகும் பெண்களெல்லாம் தங்கள் வீட்டில் விருந்தாளிகளா?

இனிச் சில்காவுக்கு வருவோம். சென்னையிலிருந்து ஹவுரா செல்லும் இருப்புப்பாதை ரம்பாவுக்கும் பாலுகாவுக்கும் இடையே ஏரிக்கரையை ஒட்டியே ஓடுகிறது. விடுமுறைக்கு ஊர் போகும்போதெல்லாம் நாம் சன்னல் வழியாகப் பார்க்கும் நீர்ப்பரப்பு அதுவே. கோடையில் ஏறத்தாழ 900 சதுர கிலோமீட்டரும் மழைக்காலத்தில் 1,100-க்கு மேலும் பரந்து கிடக்கும் உப்பங்கழி. மகாநதியின் கிளைகள் ஒரு பக்கம் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. கடல் முகத்துவாரத்தின் வழியே உப்புநீர் மறுபக்கம் ஏறுகிறது. இரண்டும் கலக்கும் சேற்றில்தான் புழுவும் நத்தையும் புல்லும் கொழிக்கின்றன. அதனால்தான் பறவை வருகிறது. சனவரிதோறும் நடக்கும் கணக்கெடுப்பில் அண்மை ஆண்டுகளில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட பறவைகள் எண்ணப்பட்டிருக்கின்றன. 1981-இல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலக முதன்மை பெற்ற ஈரநிலங்களாக இந்தியாவிலிருந்து முதன்முதலில் சேர்க்கப்பட்டவை இரண்டு. ஒன்று இராசத்தானத்துக் கேவலாதேவ். மற்றொன்று இந்தச் சில்கா.

ஏரியின் நடுவே நலபனா என்றொரு தீவு. மழைக்காலத்தில் அது நீரில் மூழ்கிக் காணாமல் போகும். மழை ஓய்ந்து நீர் வடியத் தொடங்கியதும் சேறும் புல்லுமாகத் தலைகாட்டும். சரியாக அந்தச் சமயத்தில்தான் ஊசிவால் வாத்துகளும் பட்டைத்தலை வாத்துகளும் வந்து இறங்குகின்றன. இந்தப் பட்டைத்தலை வாத்து இமயத்தையே தாண்டி வருகிற பறவை. பகலில் மலைச்சரிவில் மேலெழும் காற்றின் உதவியால் அது ஏறுகிறது என்று முன்பு எண்ணியிருந்தார்கள். உடலில் கருவி பொருத்தி ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. காற்று அடங்கிக் குளிர்ந்திருக்கும் இரவிலும் விடியலிலும், தன் சிறகின் வலிமையையே நம்பி அது மலையேறுகிறதாம்! இந்த வாத்தின் ஒரு கூட்டம் நம் நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளம் வரையும் போகிறது.

நலபனா 1987-இல் பறவைக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது, நல்ல செயல். ஆனால் அதன் பரப்பு 15.5 சதுர கிலோமீட்டர். ஏரி முழுவதையும் பார்த்தால் நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. விருந்தாளிக்கு ஓர் அறையை ஒழித்துக் கொடுத்துவிட்டு, மற்ற அறைகளில் நம் விருப்பம்போல் நடந்துகொள்ளலாம் என்ற நினைப்பு இங்கேதான் நுழைகிறது. பறவைக்கு எல்லைக் கல் தெரியாது. இரவில் மேய்வது ஓரிடம், பகலில் உறங்குவது ஓரிடம். இன்று நாணற் சதுப்பு, நாளை அறுவடை முடிந்த வயல், மறுநாள் கோபால்பூர் போன்ற காப்பற்ற கடற்கரை. காப்பகத்துக்கு வெளியே மூங்கிலும் வலையும் கட்டி ஏரியை மறித்து இறால் வளர்த்தால், காப்பகத்துக்குள்ளே போட்ட காவல் என்ன செய்யும்? முகத்துவாரம் தூர்ந்துபோனால், நலபனாவில் எத்தனை அறிவிப்புப் பலகை நட்டு என்ன பயன்?

இது கற்பனை அல்ல, நடந்த கதை. முகத்துவாரம் தூர்ந்து, உப்பு குறைந்து, களைகள் மண்டி, மீனும் அருகிய நிலையில் 1993-இல் சில்கா ஆபத்துக்குள்ளான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2000 செப்டம்பரில் கடலுக்குப் புதிய முகத்துவாரம் வெட்டினார்கள். உப்பு திரும்பியது, களை பின்வாங்கியது, மீன் பெருகியது. 2002-இல் அந்தப் பட்டியலிலிருந்து சில்கா நீக்கப்பட்டது. ஆசியாவில் அப்படி மீண்ட முதல் ஈரநிலம் இதுவே. விருந்தாளியின் அறையைத் துடைத்து இந்த வெற்றி கிடைக்கவில்லை. வீட்டின் அடித்தளத்தையே செப்பனிட்டதால் கிடைத்தது.

இங்கே ஒரு தடை எழும். “ஏழை மீனவன் வயிற்றுக்கு வழி தேடுகிறான், நீங்கள் பறவைக்குப் பரிந்து பேசுகிறீர்களே!” என்று நம் சங்கத் தோழர்களே கேட்டிருக்கிறார்கள். நேர்மையான கேள்வி. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மீனவ மக்கள் சில்காவை நம்பி வாழ்கிறார்கள். அவர்களை ஒதுக்கிவிட்டுப் பறவையைக் காப்பது அறமும் அல்ல. நடக்கிற காரியமும் அல்ல. ஆனால் மேலே சொன்ன கதையை இன்னொரு முறை பாருங்கள். மீனைத் திருப்பிக் கொடுத்ததும் பறவைக்கு வாழ்வு கொடுத்ததும் ஒரே முகத்துவாரம். இருவருக்கும் சோறு போடுவது ஒரே சேறு. ஏரியை மறித்துக் காசு பார்க்கும் பெரும்புள்ளி இருவருக்குமே பகை.

ஏரியின் வடகரையில் தாங்கியை அடுத்து மங்களஜோடி என்றொரு ஊர். ஒரு காலத்தில் பறவை வேட்டைக்குப் பெயர்போனது; நஞ்சு வைத்தும் வலை விரித்தும் பிடித்து விற்றார்கள். 2000-ஆம் ஆண்டளவில் அந்த வேட்டைக்காரர்களிடமே பேசி, அவர்களையே காவலர்களாக்கும் முயற்சி தொடங்கியது. எந்தப் பறவை எந்த நாணலுக்குள் எப்போது வரும் என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? இன்று அவர்களிற் பலர் படகில் பார்வையாளரை ஏற்றிச் சென்று, கருவால் மூக்கனையும் நீலத் தாழைக்கோழியையும் காட்டிப் பிழைக்கிறார்கள். கொல்லக் கற்ற கலை காக்கவும் உதவியது. வேலியும் தண்டனையும் மட்டும் செய்ய முடியாததை, ‘இவை உங்கள் ஊர்ப் பறவைகள்’ என்ற உணர்வும் அதனோடு சேர்ந்து வந்த கூலியும் செய்தன. கூந்தன்குளத்திலும் அதே உணர்வைக் காணலாம். அங்கே வீட்டு மரத்தில் கூடு கட்டும் நாரையை ஊரார் விரட்டுவதில்லை.

தோழர்களே, இதில் நம் கதையும் கொஞ்சம் கலந்திருக்கிறது. விடுதி உணவுக் குழுவுக்கு நம்மவர் ஒருவர் நிற்க முன்வந்தபோது, மற்றொரு மாணவ நண்பர் சிரித்துக்கொண்டே, “நீங்கள் இரண்டு ஆண்டு விருந்தாளிகள், உங்களுக்கு எதற்கு இந்தத் தொல்லை?” என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்த அன்பு நம் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாகப் போடுமே தவிர, சமையலறையில் ஒரு சொல் சொல்லும் உரிமையைத் தராது. விருந்தாளி என்ற சொல்லின் குறை இதுதான். உபசாரத்தைக் கொடுத்து உரிமையை எடுத்துக்கொள்ளும் சொல் அது. 1936 வரை இந்தக் கஞ்சம் மாவட்டம் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. மனிதன் போட்ட எல்லைக்கோடு இடம் மாறும். உப்புக்கொத்தி அதே மணலுக்குத்தான் வரும். ஓரிடத்தில் உழைத்து, உண்டு, அதன் நன்மை தீமைகளில் பங்கு கொள்கிறவன் அந்த இடத்துக்கு உரியவன். நமக்கு அந்த உரிமை வேண்டுமென்றால், கடமையும் நம்மைச் சேர்ந்ததே. “இது நம் ஊரா? ஏரியைப் பற்றி ஒடியர்கள் கவலைப்படட்டும்” என்று நாம் சொல்லக்கூடாது.

என்ன செய்யலாம்? சங்கத்தின் சார்பில் ஆண்டுக்கு ஒருமுறை சில்காவுக்கு உல்லாசப் பயணம் போகிறோம். படகை விரைவாக விட்டுப் பறவைகளை எழுப்பிப் படம் எடுப்பதில் பலருக்கும் ஆசை. ஒவ்வொரு முறை எழுப்பும்போதும், நெடும்பயணத்துக்காகச் சேர்த்து வைக்கும் கொழுப்பை அவை வீணே எரிக்கின்றன. இனிப் படகோட்டியிடம் மெதுவாகப் போகச் சொல்வோம். அவர் சொல்லும் ஒடியப் பெயரையும் நம் தமிழ்ப் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்வோம்.

அதைவிடப் பெரிய வேலை ஒன்று உண்டு. கோபால்பூர்க் கரையில் ஒரு கிலோமீட்டரைத் தேர்ந்துகொண்டு, ஆகஸ்டு முதல் மே வரை மாதந்தோறும் முதல் ஞாயிறன்று நான்கு பேர் போய் எண்ணி வருவோம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பார்த்ததை இ-பேர்ட் என்னும் பொதுத் தளத்தில் பதிகிறார்கள். நம் கணக்கையும் அங்கே சேர்க்கலாம். இயற்பியல், வேதியியல், வரலாறு என்ற வேற்றுமை வேண்டாம்; எண்ணத் தெரிந்தால் போதும். நாளை யாராவது அந்தக் கரையில் கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்ப வந்து, “இங்கே பறவை ஏது? குளிர்காலத்தில் நாலு நாள் வந்து போகும்” என்று சொன்னால், மாதவாரியாக எழுதிய குறிப்பேட்டை நாம் எடுத்துக் காட்டலாம். எட்டு மாதக் குடித்தனத்துக்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

வாடைக் காற்று வீசத் தொடங்கிவிட்டது. வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நான் கடற்கரையில் இருப்பேன். குறிப்பேடும் எழுதுகோலும் கொண்டு வாருங்கள். தாளைப் பிடித்துக்கொள்ள ஒரு கவ்வியும் மறக்காதீர்கள்.