தொட்டிக்குள் இரு கெளிறுகள்

சல்லிக் கரையில் வலையை உதறுவோர், கெளிறு அகப்பட்டால் முதலில் அதன் முள்ளுக்கே அஞ்சுவர். ஆனால், அவ்வினத்து நன்னீர் மீன்களை வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்க விரும்புவோர், முள்ளினும் மேலாக அவற்றின் மூக்கை அறிந்து வைத்தல் நலம்.

கலங்கிய நீரிலும் இருளிலும் இரைதேடும் இம்மீனுக்குக் கண்ணினால் ஆகும் பயன் சிறிது. மீசையில் மட்டுமன்றி மேனி முழுவதிலுமே சுவையறியும் மொட்டுக்கள் உண்டு. அண்டை மீன் இன்னதென்று அறிவதோ மோப்பத்தினால். அமெரிக்கக் கெளிறுகளை ஆராய்ந்த ஜோன் டொட், 1971இல் இதனை விளக்கி எழுதினார். பார்வையிழந்த கெளிறுகளும் ஒரு மீனின் மணத்தை மற்றதன் மணத்தினின்றும் பிரித்தறிந்தன. மோப்பமிழந்தவற்றால் அது இயலவில்லை.

இரண்டு பெரிய கெளிறுகள் ஒரு தொட்டியில் வாழும்போது, வலியது ஓரிடத்தைத் தனதாக்கிக் கொள்ளும். எளியது ஒதுங்கப் பழகும். பின்னர் பூசல் தணியும். அந்நிய மணத்தோடு புதுமீன் வந்தாலோ மீண்டும் போர் மூளும். ஒதுங்க இடமின்றேல் எளியதன் உயிருக்கே ஆபத்து.

ஆதலால், ஒவ்வொன்றுக்கும் அகன்ற குழாயோ வாயுடைந்த மண்பானையோ தனி மறைவிடமாக வைப்போம். நீரை ஒரேயடியாக மாற்றாது, சிறிது சிறிதாக மாற்றுவோம். ஒன்றையொன்று விழுங்கத்தக்க அளவு வேற்றுமையுள்ளவற்றை ஒன்றாக விடாதிருப்போம். துடுப்புக் கிழிந்த மீனை அன்றே பிரித்து வைப்போம்.

"மீன்கள் சண்டை பிடிக்கின்றன!" என்று பிள்ளைகள் கூவும்போது கண்ணாடியைத் தட்டுவதால் பயனில்லை. தோற்ற மீனுக்குப் புகலிடம் உண்டா என்று பார்ப்பதே அறிவுடைமை.